வெறும் சிலேட்டில் எழுத்து வரும்

போன கிழமை நம் வட்ஸ்அப் குழுவில் நடந்த சிரிப்பை நானும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நம்மில் ஒருவர் பேரனுக்கென்று போனில் விளம்பரம் பார்த்து, காற்றில் மிதக்கும் வித்தைச் சீட்டு ஒன்றை வரவழைத்திருந்தார். விளம்பரத்தில் அந்தச் சீட்டு வீட்டைச் சுற்றிப் பறக்கிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு சீட்டு, கண்ணுக்குத் தெரியாத நூல் ஒரு சுருள், இரண்டு மாதம் பழக வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதம். பேரன் அழுதானாம். ஆளுக்கு ஆள் சிரிக்கும் முகங்களை அனுப்பினீர்கள். கடைசியில் ஒருவர், இந்த விளம்பரத்தை எழுதினவனின் கையை முறிக்க வேண்டும் என்று எழுதினார். பலர் பெருவிரல் காட்டினீர்கள்.

நான் ஒன்றும் எழுதவில்லை. "டீச்சர் ஏன் சத்தமில்ல, எழுத்துப் பிழை ஒண்டும் கிடைக்கல்லயா?" என்று கேலி செய்தும் பார்த்தீர்கள். பிழை கிடைத்தது. அது என்னுடையது. அப்படி ஒரு விளம்பரத்தை நானும் எழுதியிருக்கிறேன், பதினொரு வயதில். அதோடு, எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா எழுபது வயது தாண்டிய பிறகு ஏன் வெள்ளை உடுத்து, புதிதாய்க் கைம்பெண்ணானவர் போல இத்தா இருக்கிறார், இது என்ன பைத்தியம் என்று உங்களில் மூன்று பேர் எனக்குத் தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

அது நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு. கடற்கரைப் பள்ளிவாசலில் கந்தூரிக்குக் கொடியேறியிருந்தது. பன்னிரண்டு நாளும் மணலில் கடைகள். தொதல், மஸ்கற் என்று இனிப்புகளும், கண்ணாடி வளையலும், ஊதினால் பீப்பீ என்று கத்தும் பலூனும். உங்களில் ஒருவர், இப்போது பெரிய ஹாஜியார், அந்த மணலில் வாங்கிய ஊதியை வகுப்பில் ஊதி, பிரம்படி வாங்கியது யாருக்கும் மறந்திருக்காது.

கல்முனை பசாரில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்தது. காலால் மிதிக்கிற இயந்திரம் ஒன்று, ஈய எழுத்து நிரம்பிய மரத் தட்டுகள், எழுத்துக் கழுவுகிற மண்ணெண்ணெய் வாசம். கலியாணக் கடிதமும் நோட்டீஸும்தான் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கே போய்ப் புரூப் பார்ப்பேன். வாப்பாவுக்கு என் தமிழில் பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம், "என்ட புள்ள பார்த்தா ஒரு புள்ளி பிழைக்காது" என்பார். எனக்குத் தலைக்கனம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும்.

கொடியேறி இரண்டாம் நாள், தகரப் பெட்டியோடு ஒரு மனிதர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். அம்பாந்தோட்டைப் பக்கத்து மலாய்க்காரர். வித்தைச் சாமான் விற்கிறவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். படித்தது சிங்களத்தில் என்பதால் தமிழ் எழுத, வாசிக்கத் தெரியாது. மெலிந்த ஆள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். மர வாங்கில் உட்கார்ந்து நோட்டீஸுக்கு வாசகம் சொன்னார்.

"இப்பிடிப் போடுங்க முதலாளி. இது கண்கட்டு. மந்திரமும் இல்ல, ஜின்னும் இல்ல. உள்ள தகடு இரிக்கி, நூல் இரிக்கி. ஒரு கிழமை பழகினா நீங்களும் செய்யலாம்."

வாப்பா சிரித்துவிட்டார். "உள்ளதச் சொன்னா ஆரு வாங்குவான்?"

"வாங்குற ஆக்கள் வாங்கட்டும். வாங்கிட்டுப் போய் அழுற ஆக்கள் எனக்கு வேணா."

பெட்டியைத் திறந்து சாமான்களை எங்களுக்கும் காட்டினார். நிறம் மாறும் கைலேஞ்சி, அடியில்லாத கோப்பை, எல்லாவற்றிலும் மேலாக அந்தச் சிலேட்டு. மரச்சட்டம் போட்ட சாதாரணச் சிலேட்டுத்தான். இரண்டு பக்கமும் வெறுமையாய் இருக்கும். பத்திரிகை விரித்த மேசையில் கவிழ்த்து வைத்து, ஒரு கேள்வி கேட்டு, எடுத்துத் திருப்பினால் விடை எழுதியிருக்கும். எப்படி என்று உடனே சொல்லியும் தந்தார். விடையை முதலே எழுதி, மேலே சிலேட்டுப் போலவே கறுத்த மெல்லிய தகடு ஒன்றைப் பொருத்திவிடுவது. தகட்டின் மறுபக்கத்தில் பத்திரிகைத் தாள் ஒட்டியிருக்கும். கவிழ்க்கும்போது தகடு விழுந்து பத்திரிகையோடு பத்திரிகையாகக் கிடக்கும், கண்ணுக்குப் படாது. அவ்வளவுதான்.

வாப்பா தாளை என் பக்கம் தள்ளினார். "புள்ள, இத நல்ல தமிழில எழுது."

எழுதினேன். அவர் சொன்ன தகடும் நூலும் ஒரு கிழமைப் பழக்கமும் எனக்கு அசிங்கமாகப் பட்டன. நல்ல தமிழில் தகடு எங்கே வரும்? அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'வெறும் சிலேட்டில் எழுத்து வரும். உங்கள் உள்ளத்தில் உள்ள கேள்வி எதுவாயினும் விடை தானே தோன்றும். மனிதக் கை படாது.' வாப்பா வாசித்தார். என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. தட்டிலிருந்து பெரிய எழுத்தைப் பொறுக்கத் தொடங்கினார்.

பின்னேரம் நோட்டீஸ் கட்டை வாங்க வந்த வித்தைக்காரர் என்னிடம்தான் கேட்டார்.

"மகள், நான் சொன்னதெல்லாம் இரிக்கா?"

"ஓம்."

"தகடு இரிக்கிற எண்டும் இரிக்கா?"

"ஓம்."

அவர் நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகத் தலையாட்டினார்.

இனி ராத்தாவின் கதை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, கையில் எட்டு மாதப் பெண் பிள்ளை. அவருடைய மாப்பிள்ளை, பிள்ளையின் வாப்பா, கடலுக்குப் போகிறவர். கொடியேறுவதற்கு ஒரு மாதம் முன்பு இரண்டு பேராகப் போன தோணி கவிழ்ந்தது. கூடப் போனவர் ஒலுவில் பக்கம் கரை ஒதுங்கித் தப்பினார். மற்றவர் தண்ணீருக்குள் தாண்டுபோனதைத் தன் கண்ணால் கண்டதாக அவர் பள்ளி நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரிடம் சொன்னார். எங்கு தேடியும் மையித்துக் கரை ஒதுங்கவில்லை. கண்ட சாட்சி இருக்கிறது, ஆகவே பெண் இத்தா இருக்க வேண்டும் என்று பள்ளியில் முடிவாயிற்று. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டோடு துக்கம் காப்பது. ராத்தா மாட்டேன் என்றார். தப்பி வந்தவர் விபரம் சொல்ல வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தினார்.

"நான் வெள்ள உடுத்தா அவர நானே மவுத்தாக்கின மாதிரி," என்றார் எங்கள் உம்மாவிடம். சோறு தின்னவில்லை. பிள்ளைக்குப் பால் வற்றிவிட்டது. அவருடைய உம்மா கிழமைக்கொரு தரம் வெள்ளைச் சேலையை எடுத்து மடியில் வைப்பதும், இவர் அதைத் தள்ளிவிடுவதுமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு நோட்டீஸைக் கொண்டுபோனது நான்தான். என் தமிழ் அச்சில் வந்திருக்கிறது, யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும். ராத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் எதை வாசித்தாலும் ஆசையாகக் கேட்பார். ராகம் போட்டு வாசித்தேன். 'மனிதக் கை படாது' என்ற இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

"அத இன்னொருக்கா வாசி புள்ள."

வாசித்தேன்.

"அந்தச் சிலேட்ட எனக்கு வாங்கித் தாறியா?"

அந்த நேரத்தில், ராத்தா இது நான் கட்டின பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மணலுக்குப் போனேன். வித்தைக்காரரின் கடையில் நல்ல கூட்டம். நோட்டீஸுக்கு இவ்வளவு சனம் வரும் என்று அவரே நினைத்திருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தகட்டைக் கழற்றிக் காட்டித்தான் விற்றார். சிலர் முகம் சுளித்துப் போனார்கள். எனக்கும் காட்டினார்.

"ஆருக்கு வாங்கினாலும் இந்தத் தகட்டக் காட்டிக் குடுங்க மகள். காட்டாம குடுத்தா அது களவு."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராத்தா தொழப் போகிறவர் போல உளூச் செய்து, தலையை மூடி, பாயில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பிறகு தகட்டைக் காட்ட எனக்குக் கை வரவில்லை. அறைக்கு வெளியே போய், அச்சுக்கூடத்து எழுத்தைப் போல உருட்டி உருட்டி, சோக்கால் ஒரு சொல் எழுதினேன். தகட்டைப் பொருத்தினேன். உள்ளே வந்து இரண்டு பக்கமும் காட்டினேன். பத்திரிகையில் கவிழ்த்தேன். ராத்தா கேட்டார்: "அவரு வருவாரா?" சிலேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன போட்டிரிக்கி புள்ள?"

"வருவார்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சட்டியில் இருந்த சோற்றைப் போட்டுத் தின்றார். நான் பத்திரிகையைத் தகட்டோடு சுருட்டிக்கொண்டு வேலியால் நுழைந்து வீட்டுக்கு வந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மூன்று நாளில் விஷயம் வெளியே வந்தது. மறுபடி வெள்ளைச் சேலையோடு போன தன் உம்மாவிடம் ராத்தா, அவர் வருவாரென்று எழுத்து வந்திருக்கிறது என்று சிலேட்டைக் காட்டிவிட்டார். மரைக்கார் வந்து வாங்கிப் பார்த்தார். மறைவானதைச் சொல்கிறேன் என்று விற்கிறவன் யார், இது அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற ஷிர்க் அல்லவா என்று ஊர் கொதித்தது. அடுத்த நாள் காலை மரைக்காரும் இன்னும் இரண்டு பேரும் வித்தைக்காரரைப் பிடித்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். நான் வழக்கமான இடத்தில், புரூப் தாளோடு இருந்தேன்.

மரைக்கார் நோட்டீஸை உரக்க வாசித்தார். வித்தைக்காரர் தன் நோட்டீஸை முதல் தடவையாக அப்போதுதான் கேட்கிறார். முகம் கறுத்துப்போயிற்று.

"நான் இப்பிடிச் சொன்ன இல்ல முதலாளி," என்றார் வாப்பாவைப் பார்த்து. "தகடு இரிக்கிற எண்டெல்லோ சொன்ன."

"இது உங்கட அச்சுக்கூடத்தில அடிச்சதுதானே?" என்று மரைக்கார் வாப்பாவிடம் கேட்டார்.

"ஓம்," என்றார் வாப்பா. "அவர் சொன்னதத்தான் அடிச்ச."

மரைக்கார் சிலேட்டை மேசையில் வைத்தார். "இதில வருவாரெண்டு எழுதினது ஆரு? நீதானே எழுதி வித்த?"

"எனக்குத் தமிழ் எழுதத் தெரியா. நான் வெறும் சிலேட்டுத்தான் இந்த மகள்ட கையில குடுத்த."

"நோட்டீஸ் அடிக்கத் தெரிஞ்சவருக்கு எழுதத் தெரியாதாம்," என்று ஒருவர் சிரித்தார். மரைக்கார் என் பக்கம் திரும்பினார். குரலை மெதுவாக்கிக்கொண்டார்; நான் குர்ஆன் ஓதல் பள்ளியில் முதலாவதாக வருகிற பிள்ளை.

"புள்ள, நீ இதில ஏதும் எழுதினதா?"

"இல்ல."

வாப்பா சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்து அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வருகிற ஆட்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட எழுத்து. அவர் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். வித்தைக்காரர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏன் என்று கேட்கிற பார்வை மட்டும்தான். அவருடைய தகரப் பெட்டியைப் பறித்து, பொத்துவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கள்ளன் என்று பின்னால் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் நம் வகுப்பிலிருந்து நீங்களும் இருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தெரியும்?

அன்றையிலிருந்து வாப்பா என்னைப் புரூப் பார்க்கக் கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அவர் மவுத்தாகும்வரை.

சிலேட்டுப் பொய் என்று தெரிந்தால் ராத்தா இத்தாவுக்கு இருந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். தகட்டு வித்தையை மரைக்காரே வந்து விளங்கப்படுத்தினார். ராத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தகடு சரி. அந்த மனிசனுக்கு எங்கட எழுத்துத் தெரியாதாமே. என்ட கதயும் தெரியாது. அப்ப எழுதினது ஆரு?"

பதில் தெரிந்த நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் அவரைப் புத்தி பேதலித்தவர் என்று முடிவுகட்டினார்கள். இப்போது யோசித்தால், அந்த ஊரில் அன்றைக்குச் சரியாக யோசித்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் இத்தா இருக்கவில்லை. இடியப்பம் அவித்து விற்று மகளை வளர்த்தார். சில வருசங்கள் கழித்து, மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற ஒரு மனிதர், பெண்சாதி இறந்தவர், நல்ல குணசாலி, இவரைக் கேட்டு ஆள் அனுப்பினார். "எனக்கு மாப்பிள்ள இரிக்கார்" என்று பதில் போயிற்று. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் மாப்பிள்ளை உடுக்கவென்று ஒரு புதுச் சாரம் வாங்கி வைப்பார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த ஆண்டு அந்த அலுமாரியும் சாரங்களும் போயின. தப்பிப் பிழைத்து வந்து, அடுத்த பெருநாளுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

இதையெல்லாம் பார்க்காமல் இருக்க எனக்கும் வழியில்லை. நம் வழக்கம் தெரியும்தானே. மாப்பிள்ளைதான் வீடு மாறி வருவார், பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். கிடுகு வேலி மதிலானது, அவ்வளவுதான். காலையில் அவருடைய இடியப்பத்தைத்தான் இத்தனை வருசமாக என் வீட்டில் தின்றோம். சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தரம் போய், உப்பு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று முப்பது வருசம் படிப்பித்த வாய் இது.

போன கிழமை அந்தக் கையை முறிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, போனை வைத்துவிட்டு எழுந்து போனேன். ராத்தா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்து சொன்னேன். நோட்டீஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீ எழுதினதா புள்ள?"

"ஓம் ராத்தா."

"ஏன்?"

"நீங்க சோறு தின்னாம இருந்தீங்க."

அது பாதி உண்மை. மற்றப் பாதியை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். நான் எழுதினதை ஒருவர் முழுதாக நம்புவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ராத்தா சுளகிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். பிறகு, "அப்ப அந்தச் சிலேட்டு வித்த மனிசன்?" என்றார்.

"அவர் ஒண்டும் செய்யல்ல."

"பாவம்," என்றார். "நீ இப்ப போ புள்ள."

அடுத்த நாள் காலை மகளை அனுப்பி வெள்ளைத் துணி எடுத்தார். மகள் பயந்துபோய் மௌலவியைக் கூட்டி வந்தாள். இளம் பிள்ளை, பணிவானவர். வாசலுக்கு வெளியே நின்று, "உம்மா, இத்தா அவர் மவுத்தான நாளையில இருந்துதான். உங்களுக்கு அது எப்பவோ முடிஞ்சிட்டு. இப்ப கடமை இல்ல," என்றார்.

"உங்கட கிதாபில முடிஞ்சிரிக்கும் மகன்," என்றார் ராத்தா உள்ளேயிருந்து. "எனக்கு அவர் நேத்துத்தான் மவுத்தானவர்."

மௌலவி துஆக் கேட்டுவிட்டுப் போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மவுத்து வீட்டுக்கு வருகிற மாதிரி வரத் தொடங்கினார்கள். எனக்குப் போகக் கால் வரவில்லை. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் வந்து, உம்மா கூப்பிடுகிறார் என்றாள்.

வெள்ளை உடுத்துப் பாயில் இருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

"இரு புள்ள. அவர் எப்பிடி மவுத்தான எண்டு எனக்குத் தெரியா. அண்டைக்கு நான் கேக்கல்ல. சொல்ல வந்தவரும் இப்ப இல்ல. உனக்குத் தெரியுமா?"

தெரியும். தப்பி வந்தவர் ராத்தாவின் மூடிய கதவிலிருந்து திரும்பி எங்கள் வீட்டு மண்டபத்தில் இருந்துதான் வாப்பாவிடமும் மரைக்காரிடமும் சொன்னார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கேட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

சொன்னேன். தோணி கவிழ்ந்த பிறகு இரண்டு பேரும் ஒரு வெறும் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். முதல் நாள் ராத்தாவின் மாப்பிள்ளை நல்ல பலமாக இருந்தார். இரண்டாம் நாள் உச்சி வெயிலில் அவருக்குக் கரை தெரிந்தது. அங்கே கரை இல்லை. கிட்டத்தான் இரிக்கி, நான் போறன் என்று பீப்பாயை விட்டார். மற்றவர் கூப்பிடக் கூப்பிட நீந்திப் போனார். கொஞ்சத் தூரம் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ராத்தா என் கையைப் பிடித்திருந்தார்.

"என்னப் பத்தி ஏதும் சொன்னாராமா?"

சொன்னார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று எத்தனையோ அழகான வசனங்கள், இந்தத் தலையில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ராத்தா," என்றேன்.